பிரசவ வலிப் பக்கத்தின் காவல்காரன்

எனக்கு யாரையும் விரட்டிப் பழக்கமில்லை. வீட்டுக்குள் பூனை வந்தால்கூடக் கதவைத் திறந்துவிட்டு, அதுவாகப் போகட்டும் என்று ஒதுங்கி நிற்கிற ஆள். நம் இணையக் கலைக்களஞ்சியத்தில் பெண்களும் புதியவர்களும் ஏன் நிலைப்பதில்லை என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நல்ல காரியம். புதிதாக வருகிற எல்லோருக்கும் வரவேற்புச் செய்தி அனுப்புகிறவன் நான்தான். எனக்கும் அந்த வருத்தம் உண்டு.

பிரசவ வலி பற்றிய பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அந்த வலி வந்ததில்லை; அதனால் எந்தப் பக்கமும் சாயாமல் எழுத முடிகிறது. பெற்றவர்களை விட்டால் சொந்தக் கதையைக் கொட்டிவிடுவார்கள். சொந்த அனுபவம் ஆதாரமாகாது என்பது விதி. வேறு யாரும் முன்வராததால் அந்த விதியை எழுதியதும் நானே.

சிட்டு என்ற பெயரில் ஒருத்தி வந்தாள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், அப்போது சிரிக்கக்கூட முடியும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தாள். வரவேற்புச் செய்தி அனுப்பினேன்; வரியை நீக்கினேன். மறுபடி சேர்த்தாள். ஆதாரம் கேட்டேன். மருத்துவப் புத்தகம் ஒன்றைக் காட்டினாள். அதில் ஓய்வு இருந்தது, சிரிப்பு இல்லை. நீக்கினேன். "நீங்க பெத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். அது தனிநபர் தாக்குதல். அவள் கணக்குக்குத் தடை போட்டேன். எனக்குக் கோபமெல்லாம் இல்லை.

எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது. அடுத்த அறையில் கணினியைத் தட்டுகிற சத்தம் நின்றதும், இங்கே என் திரையில் சிட்டுவின் திருத்தம் வந்து விழும். யார் என்று முதல் நாளே தெரியும். பெண்டாட்டி என்பதற்காகச் சலுகை காட்டியிருந்தால் நீங்களே என்னைக் கேள்வி கேட்டிருப்பீர்கள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"நம்ம பொண்ணு பொறந்தப்ப நான் சிரிச்சேனே. என் கையைப் பிடிச்சுக்கிட்டு நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?"

இருந்தேன். டாக்டரம்மா ஏதோ சொன்னதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். அதனால்தான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்: நான் சாட்சி சொன்னால் அதுவும் சொந்த அனுபவமாகிவிடும், வேண்டுமானால் மேல்முறையீடு செய்துகொள் என்று. மேல்முறையீட்டை விசாரிக்கப் போவதும் நான்தான் என்பதையும் மறைக்கவில்லை.

அவள் மேல்முறையீடு எழுதவில்லை. பேச்சும் குறைந்தது. தலை வலிக்கிறது என்பாள், எதை வைத்துச் சொல்கிறாய் என்பேன், எழுந்து போய்விடுவாள். பழக்கதோஷம், வேறொன்றுமில்லை. ஒரு நாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இனிமேல் உங்களோடு இருக்க முடியாது என்றாள். நான் ஆதாரம் கேட்கவில்லை. அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்தேன்.

சிட்டுவை மட்டுமல்ல, அவளைப் போல ஆசையாக வந்த மற்றவர்களையும் நான்தான் அனுப்பிவைத்தேன். ஒருவரிடமும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள், யாராவது மிச்சமிருந்தால்.

நடுவில் எனக்கே ஓர் உறுத்தல் வந்தது. அவள் இல்லாத வீடு பிடிக்கவில்லை. முறைப்படி, திருத்தங்களை விவாதிக்கிற உரையாடல் பக்கத்தில், நான் செய்தது தவறா என்று எல்லோரிடமும் கருத்துக் கேட்டேன். கெடு முடியும்வரை காத்திருந்தேன். அவளுடைய அறைக்கும் போய், கதவருகில் நின்று, வாய்விட்டு ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். எங்கிருந்தும் மறுப்பு வரவில்லை. தவறில்லை என்று ஒருமனதாக முடிவானதாக எழுதி, பக்கத்தைப் பூட்டிவிட்டேன்.