அம்மாவின் நாடி

புது ஸ்மார்ட் வாட்ச் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். போனோடு இணைத்ததும் அது வரிசையாகக் கேட்கும்: செய்தி வந்தால் சொல்லட்டுமா, அழைப்பு வந்தால் சொல்லட்டுமா, மெயில் வந்தால் சொல்லட்டுமா. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'அனுமதி' என்று அழுத்திவிடுவார்கள். மறுநாளே கடையில் வந்து நிற்பார்கள். "என்னங்க இது, நிமிஷத்துக்கு ஒரு தடவ கையச் சொரண்டுது" என்பார்கள். நான் உட்காரவைத்து ஒவ்வொன்றாக அணைத்துக் கொடுப்பேன். எது உங்களைத் தேடி வரலாம், எது வரக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

அம்மாவைப் பற்றி எழுதச் சொன்னால் இவன் வாட்சைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள், மேடம். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொல்ல முடியாது. நீங்கள் காகிதமும் பேனாவும் கொடுத்து, அவசரமில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றீர்கள். அப்படியே எழுதுகிறேன்.

போன் கடையில் எனக்கு அதுதான் வேலை. வாட்சையும் போனையும் ஜோடி சேர்ப்பது, பிரிந்துபோனால் திரும்பச் சேர்த்துவைப்பது. முதலாளி என்னைத் 'தரகரே' என்றுதான் கூப்பிடுவார். "ஊருக்கெல்லாம் ஜோடி சேத்து வைக்கறாரு, தனக்குத்தான் ஒண்ணும் அமையல" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

அம்மா ஒருமுறை சமையலறையில் மயங்கி விழுந்தாள். பெரிய அடி இல்லை. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் அக்கா பயந்துவிட்டாள். அந்த மாதமே அம்மாவுக்கு ஒரு வாட்ச் அனுப்பினாள். நாடித்துடிப்பு, நடை, தூக்கம் எல்லாவற்றையும் அது அளக்கும். கட்டியிருப்பவர் விழுந்தால் கண்டுபிடித்து நலம் விசாரிக்கும். ஒரு நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் ஆம்புலன்சுக்கும் அக்காவுக்கும் தானாகவே சொல்லிவிடும். அம்மாவின் போனோடு அதை இணைத்தவன் நான். அக்காவின் போனுக்கு எல்லாத் தகவலும் போகும்படி செய்தவனும் நான்தான். ஒவ்வொன்றுக்கும் 'அனுமதி' என்று அழுத்தினேன். கடையில் யார் யாருக்கோ சொன்ன புத்தி எனக்கு வேலை செய்யவில்லை.

அதன்பிறகு அக்காவிடமிருந்து அழைப்பு வராத நாளே இல்லை.

"டேய், அம்மா காலையிலேருந்து உக்காந்த எடத்துலேயே இருக்காங்களாமே. நீ என்ன இடிச்ச புளி மாதிரி பாத்துட்டு இருக்கியா?"

"நான் கடையில இருக்கேன்க்கா."

"கடையா முக்கியம்? இப்ப நாடி ஏறியிருக்கு. என்ன குடுத்த சாப்பிட?"

அவள் கெட்டவள் இல்லை. தூரத்தில் இருப்பவர்களுக்குக் கையில் ஒரு எண் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் நேரில் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அம்மாகூடச் சொல்வாள், "என் நாடியப் பாக்கறா, என் மூஞ்சியப் பாக்கத்தான் அவளுக்கு நேரமில்ல" என்று. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

கல்லாவில் ஆட்கள் நிற்கும்போது என் போன் அடித்துக்கொண்டே இருக்கும். முதலாளி பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "தரகரே, கோச்சுக்காதீங்க. உங்க வீட்டு விவகாரம் முடியட்டும், அப்புறமா வாங்க" என்றார். அது எப்போது முடியும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் முழுநேரமும் வீட்டில் இருக்கத் தொடங்கினேன்.

அந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அம்மாவைக் குளிக்க வைப்பேன், சமைப்பேன், துணி துவைப்பேன், நடுவில் பத்து தடவை அக்காவுக்குப் பதில் சொல்வேன். அம்மாவுக்கு மூட்டுவலி, நடக்கச் சொன்னால் அழுவாள். நடக்காவிட்டால் அக்கா அழுவாள். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் யாரோ போல இருந்தது. ஒருநாள் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு உயிராவது கேட்காதா என்று இருந்தது.

எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன். அக்காவுக்குப் போகும் தகவல்களில் ஒன்றை மட்டும் அணைத்தேன். அணைக்கப்பட்டது என்ற தகவல் அவளுக்குப் போனது. வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். 'கையில் இல்லை' என்று போனது. இரண்டு முறையும் அக்கா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அந்த வாட்ச் எப்போதும் யாராவது ஒருவர் கையில் இருந்தாக வேண்டும். யார் கை என்று மட்டும் அதற்குத் தெரியாது.

ஒரு மதியம் அம்மா, "கழட்டுடா இத, கையெல்லாம் அரிக்குது" என்றாள். வார் பட்ட இடம் சிவந்திருந்தது. கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன். கடைத்தெரு வரை நடந்துவிட்டு வந்தேன். திரும்புவதற்குள் அக்காவின் குரல் செய்தி வந்திருந்தது. "அம்மா, இன்னிக்கு சூப்பரா நடந்திருக்கீங்க. என் செல்லம்" என்றாள். அம்மா அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீயே கட்டிக்கோடா. எனக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி" என்றாள். மூன்று பேருக்கும் நல்லதாக இருக்கும் ஒரு காரியத்தில் என்ன தப்பு இருக்கிறது என்று நினைத்தேன்.

வாட்ச் என் கைக்கு வந்துவிட்டது. அக்காவோடு வீடியோவில் பேசும் நேரத்துக்கு மட்டும் அம்மா கைக்கு மாற்றுவேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அக்கா ஒருநாள் கவலையோடு கூப்பிட்டாள். "தம்பி, அம்மா ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்லையாடா? நாடி வேற படபடன்னு அடிக்குது. மனசுல என்ன வேதனையோ, பாவம், வெளிய சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது.

தூங்காதவன் நான். படபடவென்று அடித்தது என் நெஞ்சு.

என் வேதனையை அப்படியே ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு தினமும் காலையில் அக்காவின் செய்திக்காகக் காத்திருந்தேன். நேற்று கொஞ்சம் தூங்கினீர்களா, வெந்நீர் குடித்துவிட்டுப் படுங்கள், எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று எழுதுவாள். அம்மாவின் போனுக்குத்தான் வரும். படித்துக் காட்டும் முன் நான் இரண்டு முறை படித்துக்கொள்வேன்.

அக்கா தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் அந்த எண்களைக் காட்டினாள். நேரில் பார்க்காமல் மருந்து தரமாட்டேன் என்று அவர் சொன்னதாகவும், இங்கே யாரிடமாவது அம்மாவைக் காட்டும்படியும் சொன்னாள். காட்டிவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது, நாடி மட்டும்தான் அதிகம் என்று நான் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் வாட்ச் அம்மா கைக்குத் திரும்பிப் போயிருக்கும். நான் சொன்னதை நம்பி, அக்காவின் டாக்டர் நாடியைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதினார்.

அதை நானே விழுங்கியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். முடியாது, மேடம். அம்மா விழுங்குவதை அக்கா தினமும் வீடியோவில் பார்ப்பாள்.

மாத்திரை அம்மாவுக்குப் போனது, நாடி என்னுடையதாக இருந்தது. அதனால் எண் இறங்கவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு முறை கூட்டினார். வீடியோவுக்காக வாட்சை அம்மா கையில் கட்டும்போதெல்லாம் எண் சட்டென்று கீழே இறங்கும். ஒவ்வொரு வாரமும் முன்பைவிடக் கீழே இறங்கியது. நான் அதைக் கவனித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். அக்கா மட்டும் உச்சி குளிர்ந்துபோய், "பாத்தியா தம்பி, என்னப் பாத்ததும் அம்மாவுக்கு நாடி எப்படி அடங்குதுன்னு" என்றாள்.

அம்மா சோர்ந்துபோனாள். எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். கை சில்லிட்டிருக்கும்.

"தலை சுத்துதுடா. இந்த மாத்திரை வேணாமே."

"அக்கா இப்ப வீடியோவுல வந்து பாப்பாம்மா. முழுங்கு."

"உனக்குக் கண்ணெல்லாம் உள்ள போயிருக்கே. ராத்திரி தூங்குனியா நீ?"

"முழுங்கும்மா."

அவள் சொன்னபடி கேட்பவள். விழுங்கினாள்.

அன்று மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் வாளி உருளும் சத்தம் கேட்டது, அதோடு இன்னொரு சத்தமும் கேட்டது. ஓடினேன். ஈரத்தரையில் என் கால் வழுக்கி, அம்மாவுக்குப் பக்கத்திலேயே முழங்கால் தரையில் மோத, கையை ஊன்றி விழுந்தேன். வாட்ச் கட்டிய கை. அம்மாவின் தலைக்குக் கீழே தண்ணீர் சிவப்பாக ஓடியது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள்.

என் மணிக்கட்டு அதிர்ந்தது. திரையில் வந்த தமிழ் எழுத்துகள் நானே அமைத்துக் கொடுத்தவை. 'நீங்கள் விழுந்துவிட்டதாகத் தெரிகிறது. நலமாக இருக்கிறீர்களா?' அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள்: 'உதவி தேவை', 'நலமாக இருக்கிறேன்'.

இரண்டாவதை அழுத்தினேன்.

பிறகு தலையணை கொண்டுவந்து வைத்தேன். துண்டு கட்டினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்தேன். ஆள் வந்தால் வாட்ச் ஏன் என் கையில் இருக்கிறது என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் யோசித்துக்கொண்டு கூப்பிடலாம் என்று இருந்தேன். பதில் கிடைக்கவில்லை. அம்மாவின் மூச்சு வெயில் தாழும்வரை இருந்தது. நடுவில் நான் எழுந்து வேறெங்கும் போகவில்லை, அவளைத் தனியாக விடவில்லை. அதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

விளக்கு போடும் நேரத்தில் அக்காவின் செய்தி வந்தது. 'அம்மா, இன்னிக்குத்தான் உங்க நாடி நார்மலா இருக்கு. அப்பாடா. மருந்து கேக்குது. நல்லாத் தூங்குங்க.' திரையைப் பார்த்தேன், உண்மைதான். இத்தனை மாதத்தில் அவ்வளவு அமைதியாக என் நெஞ்சு அடித்ததே இல்லை. அன்று நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

மறுநாள் அக்கா கூப்பிட்டபோது அம்மா தூங்குகிறாள் என்றேன். நம்பினாள். எண்கள் அப்படித்தான் காட்டின. ஜன்னலில் அம்மாவைக் காணோமே என்று பக்கத்து வீட்டு டீச்சரம்மா கதவைத் தட்டியதும் திறந்துவிட்டேன். நான் எதையும் மறைக்கப் பார்க்கவில்லை.

உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். நீங்கள் மூன்று தடவை கேட்டது ஒரே கேள்விதான்: 'உதவி தேவை' என்பது கண்ணெதிரே இருக்க, ஏன் மற்றதை அழுத்தினாய்? நானும் இரண்டு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன். வாட்ச் என் கையில் இருந்தது, மேடம். நலமாக இருக்கிறீர்களா என்று அது என்னைத்தான் கேட்டது. அத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டது அது ஒன்றுதான். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை.

அம்மாவும் அப்போது ஏதாவது சொன்னாளா என்று கேட்டீர்கள். சொன்னாள். உதடு மட்டும் அசைந்தது, ஆனால் புரிந்தது. என் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, "அடி பட்டுச்சாடா?" என்றாள்.

வாட்ச் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்காது. அதனால் முதலில் அதற்குப் பதில் சொன்னேன். அம்மா காத்திருப்பாள் என்று நினைத்தேன்.