ரிட்டன் போட்ட டிக்கெட்

— அப்படியில்லக்கா, இந்த டிக்கெட் பேப்பர் ஒப்பந்தமே இல்ல. அத்தான் காசு கட்டினாரு, ஏர்லைன்ஸ்காரன் சரின்னு நம்பர் அனுப்பினான் பாரு, அந்த நிமிஷமே ஒப்பந்தம் ஆயிடுச்சு. இது அதுக்கு சாட்சி, அவ்ளோதான்.

— அந்த சாட்சியைத்தான் உங்க அத்தான் மூணு பிரிண்ட் எடுத்து வச்சிருக்காரு.

— முப்பது எடுத்தாலும் ஒப்பந்தம் ஒண்ணுதான்.

— லா காலேஜ்ல ரெண்டாம் வருஷமே தாண்டல, பேச்சைப் பாரு. பெட்டியத் தூக்கிட்டு அந்த எடை மெஷின்ல ஏறு வக்கீலே.

— ஏறிட்டேன். எண்பத்திரெண்டு. நான் அறுபத்தேழு, அப்போ பெட்டி பதினஞ்சு. கரெக்டா லிமிட்டு. ஃப்ரெண்டு வீட்ல ரெண்டு வாரம் இருக்கறதுக்கு என்னக்கா இவ்ளோ கனம்?

— துணிதான்டா. சரி, காசு அவரோடது, டிக்கெட் என் பேர்ல. ஒப்பந்தம் யார் கூட?

— செம கேள்விக்கா. ஏத்திட்டுப் போறேன்னு சொன்னது உன்னை. காசு குடுத்துட்டாருன்னு அத்தான் போய் உன் சீட்ல உக்கார முடியாது. ஆனா அவர் லாகின்ல போய் கேன்சல் பண்ணலாம்.

— நான் ஏறினதுக்கு அப்புறம்?

— போற டிக்கெட்டை ஒண்ணும் பண்ண முடியாது, அதான் பறந்துட்டியே. ஆனா ஒண்ணு. போகாம விட்டுட்டு, திரும்பி வர்ற ஃபிளைட்டுக்கு மட்டும் போய் நின்னா ஏத்த மாட்டான். கண்டிஷன்ல பதினோராவது பக்கம். எல்லாரும் படிக்காமலே சம்மதம்னு அமுக்கிட்டுப் போவாங்கல்ல, அதுல இருக்கு.

— போயிட்டு, திரும்பி வராம விட்டா?

— ஒண்ணும் ஆகாது. நீ வந்தா ஏத்தியாகணும்னு அவனைத்தான் கட்டிப் போட்டிருக்கு. நீ வந்தே ஆகணும்னு எங்கயும் எழுதல.

— நல்லாத் தெரியுமா?

— அடிச்சுச் சொல்றேன். இது புரியாம அத்தான் நேத்து என்கிட்ட, ரிட்டனோட போட்டுட்டேன், இனி வந்துதானே ஆகணும்னு ஒரே பெருமை.

— சொன்னாரா?

— ம். நீ வேலைக்குப் போறேன்னு கேட்டப்பவும், என் வீட்ல இருக்கறவரைக்கும் அதெல்லாம் கிடையாதுன்னாராம். அம்மா சொன்னாங்க. இரு, ஜிப்பு மாட்டுது. உள்ள ஏதோ ஃபைல். அக்கா, இது உன் டிகிரி சர்டிபிகேட். மார்க் ஷீட்டெல்லாம் இருக்கு.

— துணிக்கு நடுவுல வை. மடங்கக் கூடாது.

— ஒரிஜினலா?

— அந்த ரிட்டன் பேப்பரை மட்டும் மேல வை. வழியனுப்ப வர்றப்போ அவர் கண்ணுல படணும்.

— வச்சிட்டேன். அக்கா, ஃபைலுக்கு அடியில ஒரு கம்பெனி கவர் இருக்கே. அதுல நீ கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை படிச்சுப் பாக்கட்டா?