மிச்ச நிமிஷம்

பேசாலை பஸ்ஸை ஆமி மறித்து, சோதிக்கவென்று எங்களையெல்லாம் இறக்கி வரிசையில் விட்டிருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள், ஒருத்தி கருவாட்டுக் கூடையோடு, மற்றவள் குடையோடு. கூடைக்காரி சொன்னாள்:

"இண்டைக்கும் இருபது நிமிஷத்தை அந்தப் பிள்ளைக்கு விட்டிட்டு வந்தனான்."

குடைக்காரி திரும்பினாள். "எந்தப் பிள்ளைக்கு?"

"இன்ரநெற்றில எங்கட ஊர்ச் சங்கதி எழுதுறவளுக்கு. கொம்பியூட்டர் கடைக்காரன் எவ்வளவு நேரம் இருந்தாலும் அரை மணித்தியாலக் காசு வாங்குவான். நான் கனடா மகனோட பத்து நிமிஷம் கதைச்சிட்டு எழும்பிடுவன். மிச்சத்தில அவள் இருந்து எழுதுவாள்."

"கடைக்காரன் விடுவானோ?"

"முதல்ல முறைச்சவன். இப்ப பள்ளிமுனைச் சனமும் தங்கட மிச்சத்தை அவளுக்கு விடுகினம். அவன் என்ன செய்யிறது?"

"அப்பிடி என்னத்தை எழுதுறாள்?"

கூடைக்காரி குரலைத் தாழ்த்தினாள். "கடலுக்குப் போய்த் திரும்பி வராத ஆக்களின்ர பேரை. பேப்பரில வராத உன்ர மனுசன்ர பேரையும் போட்டிருக்கிறாள்."

வரிசை நகர்ந்தது. குடைக்காரி நகரவில்லை.

"நாளைக்கு நானும் அரை மணித்தியாலம் எடுக்கப் போறன்."

"வெளிநாட்டில உனக்கு ஒருத்தரும் இல்லை. கொம்பியூட்டரில ஒண்டும் செய்யத் தெரியாது."

"கதிரையில இருந்திட்டு எழும்பத் தெரியும்தானே, அக்கா."