பூஜைக்கு வைத்த கார்டு

கிழக்கேகோட்டையில் பஸ் கிளம்பக் காத்திருந்தோம். முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள். அதில் கண்ணாடி போட்டவன் சொன்னதைக் கேட்டதும் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“ரெண்டு கார்டுல ஒண்ணைத்தான்டா சரஸ்வதி பூஜைக்கு வச்சேன்.”

“கிராபிக்ஸ் கார்டையா?”

“பின்னே? விஜயதசமி வரைக்கும் கம்ப்யூட்டரைத் தொடப்படாதுன்னா அம்மா. ஒரு கார்டைக் கழட்டி, இதான் கம்ப்யூட்டர்லயே முக்கியம்னு புஸ்தகத்தோட வச்சுட்டேன். இன்னொண்ணை வச்சுண்டு கேம் ஆடினேன்.”

“அய்யடா! இப்ப என்ன கேடு?”

“பூஜை முடிஞ்சு ரெண்டையும் மாட்டினா ஸ்க்ரீன் இருட்டா இருக்கு.”

“அம்மா சந்தனம் வச்சிருப்பா. நன்னா துடைச்சியா?”

“துடைச்சேன். ஒவ்வொண்ணா மாட்டியும் பாத்துட்டேன். சந்தனம் வச்சது ஜோரா ஓடறது.”

“அப்ப செத்தது?”

“நான் ஆடினது.”

பஸ் கிளம்பியது. நண்பன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அம்மாட்ட என்ன சொன்னே?”

“ரெண்டும் நன்னா ஓடறதுன்னேன். விஷயம் தெரிஞ்சா அடுத்த வருஷம் என்னையும் சேத்துப் பூஜையில வச்சுடுவா.”