மாஸ்டருக்கு ஒரு குறையும் இல்லை

மேலே குறித்துக்கொண்ட பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது முப்பத்தைந்து. ரெடிமேட் துணி கம்பெனியில் காஜா மெஷின் ஓட்டுகிறேன், சட்டையில் பொத்தான் துளை போடும் வேலை. தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கணவர் என்ற இடத்தில் விவாகரத்தானவள் என்று எழுதச் சொன்னேன். பிள்ளைகள் என்ற இடத்தில் எழுத்தர் என்னைக் கேட்காமலேயே கோடு போட்டுவிட்டார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்த வழக்கில் புகார் கொடுத்திருக்கும் பெண் என் முன்னாள் கணவரின் இரண்டாவது மனைவி. ஐந்து மாத கர்ப்பிணி. வயிற்றில் இருப்பது தன் பிள்ளை இல்லை என்று சொல்லி அவர் அவளை அடித்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார். தனக்குப் பிள்ளை பிறக்க வழியில்லை, தன் முதல் மனைவிக்கு அது தெரியும், கூப்பிட்டுக் கேளுங்கள் என்று அவர் இந்தக் காவல் நிலையத்தின் ஆய்வாளர் அம்மாவிடம் சொன்னதால் என்னை வரவழைத்திருக்கிறார்கள். அவர் சொல்வது சரி என்று நான் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் இடமில்லை. இல்லை என்று சொன்னால் அவர் இன்றே அவளை அழைத்துப்போக வேண்டும். இது எனக்கு முதலிலேயே விளக்கப்பட்டது.

நான் அந்த வீட்டில் ஏழு வருடம் இருந்தேன். அவர் பேக்கரியில் அடுப்பு மாஸ்டர். ரொட்டி வேகும் அடுப்பில் இடுப்பு உயரத்துக்கு அனல் அடிக்கும், அதற்கு முன்னால்தான் நாள் முழுக்க நிற்பார். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். வீட்டில் மாஸ்டர், அவருடைய அம்மா, நான், மூன்று பேர். முதல் வருடம் மாமியார் என்னை வாம்மா போம்மா என்றுதான் பேசினார். அதன் பிறகு நான் தூரமாகியிருக்கிறேனா என்று மாதாமாதம் குளியலறைக் குப்பைக்கூடையைக் கிளறிப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "இந்த மாசமும் கடையத் தொறந்துட்டா மகராசி" என்பார். மாஸ்டர் அதைக் கேட்டுச் சிரிப்பார். ஒரு தடவை நாத்தனார் கைக்குழந்தையோடு வந்திருந்தபோது குழந்தை அழுதது என்று தூக்கப் போனேன். மாமியார் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். கழுவிவிட்டு வந்தேன். ஈரக் கையோடு தூக்காதே என்றார். துடைத்துவிட்டு வந்தேன். அதற்குள் குழந்தையை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

அதன் பிறகு மாமியார் என்னை ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். அது வலிக்கும். முடிவு என்ன வந்தது என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். மாமியாரைக் கேட்டால் சொல்வார், அவருக்கு டெஸ்ட் எடுப்பதற்கு முன்பே தெரியும். அதன் பிறகு டாக்டர் வீட்டுக்காரரையும் வரச் சொல்லுங்கள், ஒருத்தரை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது என்றார். மாஸ்டர் ஒரு வருடம் இழுத்தடித்தார். அடுப்பை விட்டு எப்படி வருவது என்றார். டாக்டர் ஆணா பெண்ணா என்று கேட்டார். ஆண்தான் என்று நான் சொன்ன பிறகு ஒரு நாள் வந்தார்.

அன்று டாக்டர் அறையில் நடந்ததாக மாஸ்டர் இப்போது எழுதிக் கொடுத்திருப்பதை ஆய்வாளர் அம்மா எனக்கு வாசித்துக் காட்டினார். மாஸ்டர் எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைத்திருக்கிறார். ஒரு மில்லி விந்துவில் ஒன்றரைக் கோடி உயிரணுவாவது இருக்க வேண்டும், தனக்கு முப்பது லட்சம்கூடத் தேறவில்லை என்று டாக்டர் சொன்னாராம். இருப்பதிலும் முக்கால்வாசி நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்ததாம். "புள்ளைக்கு ஒண்ணு போதாதா டாக்டர்?" என்று இவர் கேட்டாராம். "ஒண்ணு போய்ச் சேரணும்னா அத்தன பேர் கிளம்பணும்" என்று அவர் சொன்னாராம். விதைக்கு மேலே ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது, சின்ன ஆபரேஷன் செய்தால் தேறலாம் என்றாராம். விதை உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும், அதனால்தான் அது உடம்புக்கு வெளியே இருக்கிறது, அடுப்பை விட்டுத் தள்ளி நில்லுங்கள், சிகரெட்டை விடுங்கள், புது அணு உருவாகி வர மூன்று மாதம் ஆகும், அதன் பிறகு மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி மாத்திரையும் கொடுத்தாராம். குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை, இதற்கும் ஆண்மைக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு தடவை சொன்னாராம். இவ்வளவும் மாஸ்டருக்கு ஒரு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. எனக்கு ஒன்றும் நினைவில்லை.

அந்த அறையில் இருந்தது மூன்று பேர். டாக்டர் காலமாகிவிட்டார், கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உனக்கு எப்படி நினைவில்லாமல் போகும் என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவன் சொன்னது இந்த பஸ்ஸோட போச்சு. வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா உன்ன உயிரோட விட மாட்டேன்" என்றார். இறங்கும் வரை மணிக்கட்டை விடவில்லை. நான் புருஷன் பேச்சைக் கேட்கிறவளாக இருந்தேன். அதனால் இறங்குவதற்குள் மறந்துவிட்டேன்.

வீட்டில் மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். மாஸ்டர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா, இவளுக்குத்தான் உள்ள ஏதோ சரியில்லையாம், மாத்திர குடுத்திருக்காங்க" என்றார். மாமியார் அந்தப் பையை வாங்கிச் சமையலறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்றிலிருந்து காலையும் ராத்திரியும் அவரே எடுத்துக் கொடுப்பார். நான் விழுங்கிய பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வார். மாஸ்டர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவை யாருடைய மாத்திரைகள் என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். விழுங்கியது நான் என்பதால் என்னுடையவை என்றுதான் சொல்ல முடியும். மாஸ்டர் அடுப்பு முன்னால் நிற்பதை நிறுத்தவில்லை. முதலாளி அவரைக் கொஞ்ச நாள் கல்லாவில் உட்காரச் சொன்னபோது, அங்கே போய் உட்கார்ந்தால் எவன் என்னை ஆம்பளை என்று மதிப்பான் என்று கேட்டார். இது என் எதிரில் சொன்னது, அதனால் நினைவிருக்கிறது.

அதன் பிறகு இரண்டு வீட்டாரும் கூடி உட்கார்ந்து பேசினார்கள். மாஸ்டர் எழுந்து நின்று, "என்கிட்ட ஒரு குறையும் இல்ல, டாக்டரே சொல்லிட்டாரு. இவளால முடியல, நான் என்ன பண்றது" என்றார். என் அம்மா அவர் காலைப் பிடித்து, அவளை ஒரு மூலையில் வேலைக்காரியாகவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று அழுதாள். மாஸ்டர் காலை உதறினார். நான் மாஸ்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் தன் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அதன் பிறகு நீதிமன்றத்திலும் நீதிபதி கேட்டபோது இதையே சத்தமாகச் சொன்னார். என் அம்மா சாகும் வரைக்கும் என் வயிற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். அவளிடமாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதன் பிறகு மாஸ்டர் இந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். எனக்கு இந்தப் பெண்ணைப் பிடிக்காது என்பதையும் எழுதிக்கொள்ளலாம். கர்ப்பமான புதிதில் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தவள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு, கூட வந்தவளிடம், "சீக்கிரம் வாடி, மலடி கண்ணு பட்டுடப்போகுது" என்றாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள். போன வாரம் அதே பெண் உதடு கிழிந்து, ஒரு கண் மூடிப்போய், கம்பெனி வாசலில் நின்றிருந்தாள். "அக்கா, நீங்க சொல்றதுலதான் இருக்கு" என்றாள். "மார்க்கெட்ல நான் அக்காவா தெரியலையா?" என்று கேட்டேன். அழுதாள். அதன் பிறகு, இது அவரோடதுதான் அக்கா, சத்தியமா என்று ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை, நீயும் சொல்லாதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வயிற்றில் இருப்பது யாருடையது என்று எனக்குத் தெரியாது. மாஸ்டருக்கும் தெரியாது.

மறுநாள் மாஸ்டரே வந்தார். கையில் கேக் பெட்டி வைத்திருந்தார். ஏழு வருடத்தில் ஒரு துண்டு கேக் எனக்காகக் கொண்டுவந்தவர் இல்லை. "அன்னைக்கு டாக்டர் சொன்னத அப்படியே ஸ்டேஷன்ல சொல்லிடு. உன் பேரும் சுத்தமாயிடும்ல" என்றார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த ஆசை இருந்தது. என்னை மலடி என்று சொன்ன ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் போய் நின்று கத்த வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன். "உங்க அம்மாவ கூட்டிட்டு வாங்க. அவங்க முன்னாடி நீங்க சொல்லுங்க, அப்புறம் நானும் சொல்றேன்." மாஸ்டருக்கு முகம் செத்துப்போனது. "அம்மாவுக்குத் தெரிய வேணாம். ஸ்டேஷனோட போகட்டும். கதவச் சாத்திட்டு எழுதிக்குவாங்க" என்றார். கேக் பெட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். ஆகவே மாஸ்டர் என்னை இன்ன மாதிரி சாட்சி சொல்லும்படி தூண்ட வந்தார் என்பதையும் இதில் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று நிலையத்தில் மாஸ்டர், அந்தப் பெண், நான் ஆகிய மூவரும் ஆய்வாளர் அம்மாவின் அறையில் இருந்தோம். மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் கேட்டுக்கொண்டபடி கதவு சாத்தப்பட்டிருந்தது. நீங்கள் சொல்வது நிஜம் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் இன்றைக்கே ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாமே என்று ஆய்வாளர் அம்மா மாஸ்டரிடம் கேட்டார். "சாம்பிள் எடுக்க அந்த டப்பாவக் குடுத்து மறுபடி என்னைய அந்த ரூமுக்கு அனுப்பாதீங்க மேடம், இவளைக் கேளுங்க" என்றார். அதன் பிறகு ஆய்வாளர் அம்மா என்னைப் பார்த்து, கடைசியாகக் கேட்கிறேன், இவருக்குக் குறை இருந்ததா இல்லையா என்றார்.

மாஸ்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த வீட்டில் நான் ஏய், இந்தா, அவ என்பதைத் தவிர வேறு பெயர் கேட்டதில்லை. "என்கிட்டதான் குறைன்னு சொல்லு. உன்னக் கும்பிட்டுக் கேக்குறேன்" என்றார். இதை அவர் வாயால் கேட்பதற்கு நான் காத்திருந்த காலம் எனக்குத்தான் தெரியும். கேட்க நன்றாக இருந்தது. நான் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்துவைத்தேன். மாமியார் திரும்பிப் பார்த்தார். "இப்ப சொல்லுங்க மாஸ்டர், அத்தைக்கும் கேக்கட்டும்" என்றேன். மாஸ்டர் தன் அம்மாவைப் பார்த்தார். அதன் பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொல்லாததால் நான் பதில் சொன்னேன். வாசல் வரை கேட்கும்படி சொன்னேன். இவருக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளை பெற வக்கில்லாதவள் நான்தான். இவரோடு வாழ்ந்த எந்தப் பெண்ணுக்கும் இவர் பிள்ளைதான் பிறக்கும், வேறு யாருடையதாக இருக்க முடியும் என்றேன். "அத நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று மாமியார் வெளியிலிருந்து சொன்னார். அதன் பிறகு உள்ளே வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "எந்திரிடி, வீட்டுக்குப் போவோம். சொந்தப் புள்ளையவே இல்லேங்குறான், இவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றார். மாஸ்டர் தலை நிமிரவில்லை. அந்தப் பெண் போகும்போது என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், கேட்டுக்கொண்டேன். யாரும் மிரட்டவில்லை, யாரும் எதுவும் தரவில்லை. என் முன்னாள் கணவரின் குறை நிறை பற்றி இதில் நான் சாட்சியாகச் சொன்னது எதுவும் என் சொந்தச் சரக்கு அல்ல. எல்லாம் அவர் வீட்டிலும் சபையிலும் நீதிமன்றத்திலும் தன் வாயால் சொன்னதுதான். அவர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று அன்று எல்லாரும் நம்பினார்கள், இன்று நானும் நம்பிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)