இருக்கையில் தைத்த பெயர்

இங்கே சுவிஸில், டீட்டிகோனில் எங்கள் ஆட்கள் யார் புது வாகனம் எடுத்தாலும் கோயில் பூசைக்கு என்னையும் கூப்பிடுவார்கள். ஐயர் வைக்கும் சந்தனம் சிலவேளை பிரேக் தட்டிலும் பட்டுவிடும். நான் மோட்டார்சைக்கிள் மெக்கானிக். தட்டு வழுக்கினால் பிரேக் பிடிக்காது என்பதால், அதைத் துடைத்த பிறகுதான் ஓட விடுவேன்.

நீங்கள் சச்சிதானந்தனைப் பற்றிக் கேட்டீர்கள். என்னைவிட இளையவன், பத்து வருடச் சிநேகிதன். அவன் அன்று ஓடிய மோட்டார்சைக்கிள் ஒரு ஃபேஷன் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. உலகம் முழுக்க முந்நூறுதான். எங்கள் கடைக்கு வந்த ஒன்றை, வேலையாள் என்று எனக்கு ஒதுக்கினார்கள். எனக்கு வசதியில்லை. அவன் வாங்குவது, ஒரு ஞாயிறு அவனும் மறு ஞாயிறு நானும் ஓடுவது என்று பேசிக்கொண்டோம். இருக்கையின் தோலில் பெயர் தைத்துத் தருவார்கள். இரண்டு பெயரையும் கொடுக்கச் சொன்னேன். "ஓம் அண்ணை" என்றான்.

பெட்டியைப் பிரித்தவன் நான். அவன் பெயர் மட்டும் இருந்தது.

கேட்டேன். சிரித்தான்.

"இது ஃபேஷன் சாமான் அண்ணை. உங்கடை கிறீஸ் கை பட்டால் தோல் பழுதாப்போடும். நீங்கள் சேர்விஸைப் பாருங்கோ, காணும்."

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் சண்டை பிடிக்கவில்லை. நான் நிதானமான ஆள்.

பூசையன்று ஐயர் சந்தனத்தைப் பெற்றோல் தாங்கியில் மட்டுமே வைத்தார். அவரை விசாரிக்க வேண்டாம். எல்லோரும் தீபாராதனைக்கு உள்ளே போனபோது, குத்துவிளக்கு எண்ணெயைத் துணியில் நனைத்து முன்பிரேக் தட்டில் தேய்த்தவன் நான்தான்.

சச்சிதானந்தன் வெளியே வந்து, "அண்ணை, பிரேக் துடைச்சாச்சோ?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன். நான் சொன்னால் அவன் திருப்பிப் பார்ப்பதில்லை.

கோயிலிலிருந்து பெரிய வீதிக்கு இறங்கும் சரிவில் லொறி வந்தது. மிச்சம் உங்கள் பொலிஸ் அறிக்கையில் இருக்கிறது.

அவன் மனைவி யதுஷா பின்னால் ஏறுவாள் என்று நான் நினைக்கவில்லை. கடைசி நேரத்தில்தான் ஓடி வந்தாள். ஹெல்மெட் வார் மாட்டத் தெரியாமல் நின்றாள். நான்தான் நாடிக்குக் கீழே இறுக்கிப் பூட்டி, "கவனமாப் போயிட்டு வாங்கோ தங்கச்சி" என்று அனுப்பினேன். அந்தப் பிள்ளையில் எனக்கு எவ்வளவு அக்கறை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.