கூறைக்குத் தைத்த பிளவுஸ்

சாறி பிளவுஸ் தைப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு ஐயா. உள்ளே இரண்டு விரல் துணியை விட்டுத்தான் பக்கத் தையலைப் போடுவோம். பெண்கள் பெருப்பார்கள், மெலிவார்கள். துணி இருந்தால் பிரித்தோ ஒடுக்கியோ இன்னும் நாலு வருடம் போடலாம். இதைச் சொல்லாமல் தொடங்கினால் மற்றது உங்களுக்கு விளங்காது.

திடீர் மரண விசாரணை அதிகாரி கூப்பிடுகிறார் என்றதும் பயந்துதான் வந்தேன். நீங்கள் தேத்தண்ணீர் கொடுத்து மெதுவாகக் கேட்கிறீர்கள். நானும் மெதுவாகவே சொல்கிறேன்.

மிதுனா என் சித்தியின் மகள். எனக்கு நாலு மாதம் இளையவள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரே ஒழுங்கையில், எதிரெதிர் மாடிகளில் வளர்ந்தோம். அவளுக்கு நிறம் இருந்தது, படிப்பு இருந்தது, வங்கியில் வேலை இருந்தது. எனக்கு இருந்தது இடுப்பு. கலியாண வீடுகளில் அவளைக் கண்டால் "நல்லாச் சாப்பிடுறாய் போல" என்பார்கள். என்னைக் கண்டால் "விசாலிக்கு எது கட்டினாலும் எடுப்பு" என்பார்கள். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வருடம் ஓட்டினேன். என்னைப் பேராசைக்காரி என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு அவளுக்குக் கலியாணம் முற்றாகியது. மாப்பிள்ளை டொரன்டோவில், நாள் ஆவணியில். தையில் ஜிம்முக்குப் போகத் தொடங்கினாள். மூன்று மாதத்தில் கன்னம் இறங்கி, கழுத்தெலும்பு தெரிந்தது. அவளுக்கு அது வடிவாகத்தான் இருந்தது. ஒருநாள் அவள் என்னிடம் வந்து போன பிறகு கண்ணாடியில் என் வயிற்றைப் பார்த்தேன். நாள் முழுக்க மெஷினில் குனிந்திருப்பவளுக்கு வேறென்ன வரும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உடம்பு இன்னும் குறைந்துகொண்டிருக்கும்போதே வயிற்றுக்குப் பயிற்சி செய்யலாமா, முழுக்க மெலிந்த பிறகுதானா என்று ஜிம் மாஸ்டர் சப்ரியிடம் அவள் கேட்டிருக்கிறாள். "தாராளமாச் செய்யலாம் தங்கச்சி. தசை பலமாகும். ஆனா சாப்பாட்டை மட்டும் விட்டுராதீங்க" என்றாராம். முன்பாதியை நான் அவளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தினேன். பின்பாதி அவளுக்கே தெரியும்தானே.

சித்திக்கு நாவூறு என்றால், வாயால் சொன்னாலே பட்டுவிடும் என்று பெரிய பயம். பிள்ளை மெலிந்துவிட்டாள் என்று வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று கட்டளை போட்டார். நிறை பார்க்கும் மெஷினை யாருக்கோ தூக்கிக் கொடுத்தார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று ஜிம்மையும் நிறுத்திவிட்டார். அதனால் மிதுனா வேலை முடிந்ததும் என் தையல் அறைக்கு வந்து, பாயை விரித்துப் படுத்து எழும்புவாள். அவள் கால்களைப் பிடித்துக்கொண்டு நான் எண்ணுவேன்.

தான் மெலிகிறாளா இல்லையா என்று அவளுக்குச் சொல்ல மிஞ்சியிருந்தது ஒன்றுதான், கலியாணக் கூறைச் சேலைக்கு நான் தைத்த பிளவுஸ். நல்ல நாள் பார்த்துத்தான் அது வீட்டுக்கு வரவேண்டும் என்று சித்தி சொன்னதால் என்னிடமே இருந்தது. சனிக்கிழமைகளில் போட்டுப் பார்ப்பாள்.

முதல் சனி அது தளர்ந்து கிடந்தது. அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தேன். அடுத்த சனிக்கு முன் இரண்டு பக்கமும் ஒரு நூல் அளவு உள்ளே தள்ளித் தைத்தேன்.

"என்னடி விசாலி, கொளுக்கி பூட்டுதில்லை?"

"கொஞ்சம் உடம்பு வைச்சிருக்கிறாய் போல. பரவாயில்லை, இன்னும் நாள் கிடக்குதானே."

அவள் முதலில் இரவுச் சாப்பாட்டை விட்டாள், பிறகு காலைச் சாப்பாட்டையும். நான் எதையும் விடச் சொல்லவில்லை. சனிக்குச் சனி ஒரு நூல், அவ்வளவுதான். அவளுடைய சுடிதார்களும் தையலுக்கு என்னிடம்தான் வரும். அவற்றையும் அவள் கேட்காமலே ஒடுக்கி வைத்தேன்.

ஆடியில் அவளுடைய கணுக்கால் என் ஒரு கைக்குள் அடங்கியது. ஒருநாள் கண்ணாடி முன் நின்று, "நான் மெலிஞ்சுதானே இருக்கிறன்?" என்று கேட்டாள். "கண்ணாடியை விடு, பிளவுஸைப் போட்டுப் பார்" என்றேன். பூட்டவில்லை. நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். அழுது முடித்துத் திரும்பவும் பாயில் படுத்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். அவள் அழுவதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது ஐயா. பொறாமை என்று எழுத வேண்டுமானால் அந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வியாழன் பின்னேரம் முப்பத்தொன்று வரை எண்ணினேன். அதற்குப் பிறகு அவள் எழும்பவில்லை. பட்டினியில் இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

பிள்ளையைக் கூறை உடுத்தித்தான் அனுப்புவேன் என்று சித்தி பிடிவாதமாக நின்றார். பிளவுஸை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உடுத்திவிட வந்தவர் கொட்டாஞ்சேனை பேர்ணடெற், கலியாணத்துக்கு மணப்பெண் அலங்காரம் செய்யப் பேசியிருந்தவர். கடைசிச் சில நாளில் அவள் இன்னும் மெலிந்திருக்கிறாள், பிளவுஸ் மிதுனாவுக்கு அளவாக இருந்தது, ஒரு கொளுக்கியும் இழுக்கவில்லை. போடும் முன் பேர்ணடெற் அதன் உள்பக்கத்தைப் பார்த்திருக்கிறார். ஒன்றுக்குள் ஒன்றாகப் பதினொரு தையல். அதைச் சித்திக்குக் காட்டியவர் அவர்தான். அதனால்தானே நான் இங்கே இருக்கிறேன்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. அவள் மெலிந்தது அவளுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். யாருக்கும் நான் கெடுதல் நினைத்ததில்லை.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோக முன், கல்கிசையிலிருந்து வந்த மாமி ஒருவர் மிதுனாவின் தலைமாட்டில் வைத்து என் கையைப் பிடித்தார். "அழுதழுது நல்லா மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்றார். அந்த வீட்டில் எத்தனையோ மாதமாக ஒருவரும் சொல்லாத சொல். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு தரம் சொல்வாரா என்று அங்கேயே நின்றேன்.